உங்களுக்குத் தெரியுமா? ஆற்றின் நடுவே அனாதையாக ஒரு கோட்டை

அமெரிக்காவின் பால்டிமோர் நகரை எதிரிக் கப்பல்களிடமிருந்து காக்க, படாப்ஸ்கோ ஆற்றின் நடுவே செயற்கைத் தீவு அமைத்து எழுப்பப்பட்டது கரோல் கோட்டை. அறுகோண வடிவம். ஆற்றுப்படுகையில் மரத்தூண்களை அறைந்து இறக்கி, மேலே கல் அடுக்கினார்கள். 1848இல் தொடங்கிய இந்த வேலையைச் சில ஆண்டுகள் மேற்பார்வையிட்ட பொறியாளர் யார் தெரியுமா? பின்னாளில் உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையை நடத்திய ராபர்ட் ஈ. லீ!

இத்தனை பாடுபட்டும் கோட்டை திட்டமிட்டபடி முடியவே இல்லை. 1921இல் ராணுவம் கைகழுவியது. 1958இல் தனியாருக்கு விற்றுவிட்டார்கள். அருமையான கல்வேலை பராமரிப்பின்றிச் சிதைவது வேதனைதான். 2024 மார்ச்சில் கப்பல் மோதி இடிந்த ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் இதன் அருகில்தான் இருந்தது. இப்போது கோட்டைக்குள் குடியிருப்பவை நீர்ப்பறவைகள் மட்டுமே.