உருளும் இல்லம்: முதல் ஊர்தி வாங்குவோர் ஒப்பிட வேண்டியவை

உப்பு வணிகராகிய உமணர் மனைவி மக்களுடன் வண்டியேறி ஊர்தோறும் சென்ற காட்சியைப் பெரும்பாணாற்றுப்படை விரித்துரைக்கின்றது. வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென்று அவர்கள் சேமஅச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதைப் புறநானூற்றில் ஔவையார் பாடலால் அறிகின்றோம். வீடும் வண்டியும் ஒன்றான அவ்வாழ்வு உமணர்க்குத் தொழில். வட அமெரிக்காவில் அதுவே ஓய்வுக்கால இன்பமாக, ‘மோட்டார் ஹோம்’ என்னும் பெயரில் சாலைகளில் ஓடுகின்றது. படுக்கை, அடுப்பு, குளியலறை, நீர்த்தொட்டி யாவும் அமைந்த இவ்வண்டியை இக்கட்டுரையில் ‘இல்ல ஊர்தி’ என வழங்குவோம்.

கல்லூரி மலரில் இப்பொருள் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். நம் துறையில் பயின்று இன்று டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் வாழும் அன்பர் ஒருவர், முதிய தாய்தந்தையருடனும் துணைவியுடனும் குழந்தையுடனும் பயணம் செய்ய ஓர் இல்ல ஊர்தி வாங்க எண்ணி, “எந்தக் கம்பெனி வண்டி நல்லது?” என்று கேட்டெழுதினார். பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பணம் முழுவதையும் அதில் இட இருக்கின்றார். அவர் பொருட்டுத் தேடிப் படித்தபோது, அவ்வினாவே சற்றுத் திருத்தப்பட வேண்டியது என்பது நமக்குப் புலனாயிற்று.

இல்ல ஊர்திகள் மூவகைப்படும். வேன் ஒன்றின் உட்புறத்தையே வீடாக்குவது ‘பி’ வகை. ஓட்டுநர் அறையை அப்படியே வைத்துப் பின்புறம் அறை கட்டி, ஓட்டுநர் தலைக்கு மேலும் பெரும்பாலும் ஒரு படுக்கை வைப்பது ‘சி’ வகை. வெறும் சேசிஸ் மீது பேருந்துபோல் முழுக்கட்டடம் எழுப்புவது ‘ஏ’ வகை. இருவர்க்குப் போதுமான ‘பி’ வகை ஐவர்க்குப் போதாது. ஆகவே, பெயர்களை ஒப்பிடுமுன் வகையைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும்.

இனிப் பெயருக்கு வருவோம். கரூரில் கூண்டு கட்டப்பெறும் பேருந்தைக் கண்டோர்க்கு இது எளிதில் விளங்கும். அங்கே சேசிஸ் ஒரு நிறுவனத்தாருடையது. கூண்டு வேறொருவர் கைவேலை. அமெரிக்க இல்ல ஊர்தியும் அத்தகையதே. பெட்ரோலில் ஓடும் ‘ஏ’ வகை வண்டிகளிற் பெரும்பாலானவை, வெளியே எப்பெயர் பொறிக்கப்பட்டிருப்பினும், அடியில் ஃபோர்டு நிறுவனத்தின் எஃப்-53 சேசிஸைக் கொண்டவை. டீசல் வகையில் ஃபிரெய்ட்லைனர் அல்லது ஸ்பார்ட்டன் சேசிஸ், கம்மின்ஸ் எஞ்சின், அலிசன் கியர்ப்பெட்டி என்பதே பெரும்பான்மை. குளிர்ப்பெட்டியும் குளிர்சாதனமும் மின்னாக்கியும் வேறு சில கம்பெனிகளின் சரக்கு. கட்டுவோர் தம் கைத்திறனைக் காட்டும் இடங்கள் சுவர், கூரை, தச்சுவேலை, குழாய், மின்கம்பி ஆகியவையே. ஒப்பிட வேண்டியவையும் அவையே.

உடைமையும் இவ்வாறே பின்னிக் கிடக்கின்றது. அயோவா மாநிலத்து ஃபாரஸ்ட் சிட்டியில் 1958-இல் தோன்றிய வின்னபேகோ, 2019-இல் நியூமார் நிறுவனத்தை வாங்கியது. 1980-இல் ஏர்ஸ்ட்ரீமை வாங்கித் தொடங்கிய தோர் குழுமம், 2016-இல் ஜேக்கோவையும் அதனுடன் அதன் கிளையான என்டெக்ராவையும், 2020 இறுதியில் அலபாமாவின் டிஃபினையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. ஃபாரஸ்ட் ரிவர் 2005 முதல் பெர்க்‌ஷயர் ஹாத்தவே குழுமத்தினுடையது. கடையில் ஒன்றோடொன்று போட்டியிடுவனபோல் நிற்கும் இரு பெயர்கள் ஒரே கருவூலத்துக்குப் பொருள் சேர்ப்பனவாகவும் இருக்கலாம். 2009 மார்ச்சில் ஃப்ளீட்வுட், மொனாக்கோ என்னும் இருபெரும் நிறுவனங்கள் திவால் மனு அளித்தன. அப்பெயர்கள் பின்னர் வேறு கைகளுக்கு மாறின. பெயர் தொடர்வதால் பழைய உத்தரவாதமும் தொடரும் என்று நம்பிவிடலாகாது.

எனினும், பெயர் முற்றிலும் பொருளற்றது என்பது நம் கருத்தன்று. வின்னபேகோ தன் பழைய வண்டிகளுக்கும் ஆண்டுவாரியாக மின்கம்பி வரைபடங்களையும் உதிரிப்பாகப் பட்டியல்களையும் வெளியிட்டு வைத்துள்ளது. பழைய வண்டி வாங்குவோனுக்கு அது சேமஅச்சுக்கு ஒப்பானது. டிஃபின் வண்டி உடையோர் ரெட் பே என்னும் சிற்றூரிலுள்ள தொழிற்சாலைக்கே சென்று தங்கிப் பழுதுபார்த்துக்கொள்வதும் உண்டு. ஆனால் ஹூஸ்டனிலிருந்து ஃபாரஸ்ட் சிட்டி ஏறத்தாழ ஆயிரம் மைல். பழுதுபார்க்கும் இடம் எவ்வளவு தொலைவு, அங்கே எத்தனை வாரம் காத்திருத்தல் வேண்டும் என்பவற்றை விலைபேசுமுன் கேட்டறிதல் நன்று. பட்டறையில் கிடப்பது வண்டி மட்டுமன்று, வீடும் அன்றோ!

அடுத்து எடை. விற்பனையாளர் தாமாக எடுத்துரைக்காத செய்தி பெரும்பாலும் இதுவே. ஏறும் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டிருக்கும் சீட்டில், ஆட்களும் சரக்கும் சேர்ந்து இவ்வளவு எடைக்கு மேற்படலாகாது என்று குறிக்கப்பட்டிருக்கும். அஃது 1,500 பவுண்டு, அதாவது 680 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஐவர் கொண்ட குடும்பம் ஆளுக்கு 65 கிலோ வீதம் 325 கிலோ. 75 காலன் தொட்டியை நிரப்பினால் நீர் மட்டும் 284 கிலோ. எஞ்சுவது 71 கிலோ. அரிசி, பாத்திரம், துணிமணி, மெத்தை விரிப்பு, கருவிப்பெட்டி அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும்! பளிங்குத்தரையும் பெரிய தொலைக்காட்சியும் கூடக் கூட இந்த எண் குறைந்துகொண்டே போகும். பகட்டு மிகுந்த வண்டி சிலபோது குறைவாகவே சுமக்கும். மிகைச்சுமையால் டயர் வெடிப்பதும் பிரேக் தளர்வதும் உயிரோடு தொடர்புடையவை.

நீரைப் பற்றித் தனியே ஒரு சொல். நன்னீர்த்தொட்டி, குளித்துக் கழுவிய நீர்க்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று என மூன்று தொட்டிகள் உண்டு. ஐவேளையும் ஒளுச் செய்யும் குடும்பத்தில் இரண்டாவது தொட்டியே முதலில் நிரம்பும். விளம்பரத்தாளில் நன்னீரின் அளவைப் பெரிதாக அச்சிட்டுக் கழுவுநீரின் அளவைச் சிற்றெழுத்தில் வைப்பதும் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தல் வேண்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதனை மக்கள் காணுமாறு மேலே வைக்கலாகாதா என்று வணிகரைக் கடிந்த செய்தி ஹதீஸில் வந்துள்ளது. இல்ல ஊர்தியின் பெருங்குறையும் உள்ளிருக்கும் ஈரமே. பல வண்டிகளின் சுவர், மெல்லிய ஒட்டுப்பலகையின் மீது கண்ணாடியிழைத் தகட்டைப் பசையிட்டு ஒட்டியது. கூரைப் பொருத்துகளிலும் சன்னலோரங்களிலும் நீர் கசிந்தால் பலகை ஊறி, தகடு கொப்புளம்போல் எழும்பும். வெயில் சாய்வாக விழும் வேளையில் சுவரை ஓரமாக நின்று நோக்கினால் அலையலையாகத் தெரியும். அலமாரிகளின் உள்மூலைகளையும் படுக்கையின் அடியையும் கையால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். ஏணியிட்டுக் கூரைமேல் ஏறவிடாத விற்பனையாளரிடம் வாங்குதல் தகாது என்போம். விற்பவரைச் சாராத தணிக்கையாளர் ஒருவருக்குச் சில நூறு டாலர் கொடுத்துப் பார்க்கச் செய்வது வீண்செலவு ஆகாது. புத்தம்புதிய வண்டிக்கும் இது பொருந்தும்.

சட்டம் காக்கும் என்றிருத்தலும் ஆகாது. குறையுள்ள வாகனத்தைத் திருப்பித் தரும் உரிமையைக் கலிபோர்னியச் சட்டம் இல்ல ஊர்திக்கும் தருகின்றது. ஆயின் சேசிஸுக்கும் ஓட்டுபொறிக்குமே அவ்வுரிமை உண்டு, குடியிருக்கும் பகுதிக்கு இல்லை. ஒழுகுவது அப்பகுதியன்றோ! மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடும். தம் மாநில விதியைப் படித்தல் கடன்.

விலையோ புதிய ‘ஏ’ வகையில் ஒரு லட்சம் டாலருக்கு மேல். பெரிய டீசல் வண்டி பல லட்சம். பதினைந்து, இருபது ஆண்டுத் தவணையில் கடன் தருகின்றனர். வண்டியின் மதிப்போ முதற்சில ஆண்டுகளிலேயே விரைந்து சரிகின்றது. கடன் வண்டியின் மதிப்பை விஞ்சி நிற்கும் நிலை அதனால் நேர்கின்றது. வட்டியை விலக்கி வாழ முனையும் குடும்பத்துக்கு, கைப்பணத்தில் வாங்கத்தக்க ஐந்தாறாண்டுப் பழைய வண்டியே பொருந்தும் என்று எழுதினோம். அதற்கும் மேற்பட்ட பழமை வேண்டா. பத்தாண்டு கடந்த வண்டியை உள்ளே விடாத தனியார் தங்குமிடங்கள் சில உண்டு. பழைய வண்டியின் டயர் பளபளப்பாக இருந்தாலும் அதன் பக்கச்சுவரிலுள்ள இறுதி நான்கு இலக்கங்களைப் படிக்க வேண்டும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள்.

இவ்வளவும் பார்த்தபின், தேர்ந்த வகையில் ஒரு வண்டியை மூன்று நாள் வாடகைக்கு எடுத்துக் குடும்பத்துடன் சென்று வருமாறு அன்பரை வேண்டினோம். வெங்காயம் தாளிக்கும்போது புகை வெளியேறுகின்றதா, நள்ளிரவில் முதியவர் படுக்கையிலிருந்து கழிவறைக்கு எதையும் தாண்டாமல் செல்ல இயலுமா, வாயிற்படியின் உயரத்தைத் தாயாரின் முழங்கால் தாங்குமா என்பவற்றை அம்மூன்று நாளில் கண்டுகொள்ளலாம். தாயாரையே முதலில் ஏறச் சொல்லுமாறும் மடலின் ஓரத்தில் குறித்தனுப்பினோம்.