தாயான பிறகு விமானம் ஓட்டியவர்

மொட்டை மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்தேன். எங்கள் அஸ்தினாபுரத்தில் மீனம்பாக்கத்து விமானச் சத்தம் பழகிப்போன சங்கதி. ஆனால் அன்றைக்கு என் ஏழு வயது மகள் அண்ணாந்து பார்த்து, "அம்மா, பொம்பளைங்க பிளேன் ஓட்டுவாங்களா?" என்றாள்.

"நம்ம மெட்ராஸ்லயே ஒருத்தர் இருந்தாங்கடி" என்று உஷா சுந்தரத்தின் கதையைச் சொன்னேன்.

பெங்களூர் ஜக்கூர் அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் 1949-ல் தேறியவர். அப்போதே அவர் ஒரு தாய்! எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. கணவர் வி. சுந்தரம், மைசூர் மகாராஜாவின் விமானி. அவருக்குத் துணை விமானியாக டகோட்டாவில் நேருவையும் படேலையும் ஏற்றிச் சென்றிருக்கிறார்.

1950-களின் தொடக்கத்தில், சென்னை அரசு வாங்கிய 'டவ்' என்னும் சின்ன விமானத்தைத் தம்பதி இருவருமே இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்தார்கள். சுமார் 27 மணி நேரம்! நமக்கு ராத்திரி ரயிலில் ஊருக்குப் போய் இறங்குவதற்குள்ளேயே இடுப்பு விட்டுப்போகிறது.

1959-ல் தியாகராய நகர் மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் கணவர் வீட்டுக்குத் தூக்கிவந்தார். நம் வீடாயிருந்தால் ரகளைதான். அங்கேயோ புளூ கிராஸ் பிறந்தது. வேளச்சேரிப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்யும் வழியை 1964-லேயே தொடங்கியவர்கள் இவர்கள். உஷா 2010-ல் காலமானார்.

"நீ ஏம்மா ஸ்கூட்டர்கூட ஓட்டறதில்ல?" என்றாள் மகள்.

கத்துக்கிறேன் என்று ஒரு தடவை கேட்டேன். "குழந்தை பெத்தப்புறமா?" என்று வீட்டில் சிரித்தார்கள். நானும் விட்டுவிட்டேன். இதை அவளிடம் எப்படிச் சொல்ல?

"வடாம் காயட்டும், சாயங்காலம் பார்க்கலாம்" என்றேன்.