குளிர்காலத்திற்கேற்ற கொள்ளுச் சாறு

மார்கழி மாதத்து விடியற்காலத்தில், எம்மூராகிய களமருதூரில் எதிர்வீட்டுத் திண்ணையும் தெரியாதபடி சிற்சில நாட்களில் மூடுபனி கவிந்து நிற்கும். இத்தகைய பனியை இலண்டன் மாநகரத்தார் முன்னாளிற் "பட்டாணிச் சூப்" என்று அழைத்தனர். குளிர்நாளில் அவர்கள் விரும்பியுண்ட, உடைத்த பட்டாணியைக் கரைய வேகவைத்த அந்தச் சூப் எத்துணைக் கெட்டியானதென்பது அப்பெயராலேயே விளங்கும். சுவீடன் தேசத்தில் வியாழக்கிழமைதோறும் அதனை உண்ணும் வழக்கம் இன்றும் உளது. நம் நாட்டில் அதற்கு நிகராவது யாதென வினவின், கொள்ளுச் சாறே என்போம்.

கொள்ளு என்றதும் முகஞ் சுளிப்போர் நம்முட் பலர். குதிரைத் தீனி என்பது அவர்கள் கூறும் குறை. ஆங்கிலேயரும் அதற்குக் குதிரைப் பயறு என்னும் பொருள்படவே பெயரிட்டனர். தென்மாவட்டத்தார் காணம் என்பர். மழை குறைந்த மேட்டு நிலத்திலும் விளையும் இத்தானியத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 22 பங்கு புரதம் உளது. இரும்புச் சத்தும் மிகுதி. குதிரைக்கு நல்லதென்பது மனிதனுக்கு எங்ஙனம் குறையாகும்?

சென்ற மார்கழி விடுமுறையில் ஒரு நாள் மாலை, சமைக்கும் பொறுப்பை யாமே ஏற்றோம். எம் பாட்டியார் பல்லிழந்தவர். குளிர்நாளில் இரவு வேளைக்கு அவர் விரும்புவது இச்சாறு ஒன்றே. கொள்ளைக் கழுவி, கிணற்று நீரில் இட்டு, புளியையும் முதலிலேயே கரைத்து ஊற்றி, இரண்டு மணி நேரத்திற்கு மேல் விறகெரித்தோம். கொள்ளு கொள்ளாகவே கிடந்தது. பாட்டியார் மேலே தெளிந்த நீரை மட்டும் பருகிவிட்டு, "போதும் அப்பா, பசியில்லை" என்று படுக்கச் சென்றார். பசியில்லாமலா இருக்கும்? மறுநாள் எம் அத்தையார் செய்து காட்டியபோதே எம் பிழை விளங்கிற்று.

பயற்றின் உயிரணுக்களைப் பிணைத்து நிற்பது பெக்டின் என்னும் பொருள். அது கரைந்தாலன்றிப் பயறு குழையாது. புளிப்பு அக்கரைவைத் தடுக்கும். உவர்க் கிணற்று நீரிலுள்ள சுண்ணச் சத்தோ பெக்டினோடு கூடி அதனை இறுக்கிவிடும். ஆகவே மழைநீரேனும் வேறு நன்னீரேனும் கொள்க. உப்பை முதலில் இட்டால் வேகாதென்று பலர் கூறுவர், அதன்மேல் வீண்பழி. ஆப்பச் சோடா இட்டால் விரைவில் வேகும் என்பது மெய்யே. ஆனால் தயமின் என்னும் உயிர்ச்சத்து அழியும். இன்னுமொன்று: வெப்பமும் ஈரமுமான இடத்தில் நெடுநாள் வைத்த கொள்ளு எளிதில் வேகாது. தையிலும் மாசியிலும் புதுக்கொள்ளு வருமாதலின், மார்கழியிற் கிடைப்பது பெரும்பாலும் பழையதே.

இனிச் செய்முறை. நால்வருக்கு ஓர் ஆழாக்குக் கொள்ளு போதும். கல் மண் பொறுக்கி, வெறுஞ்சட்டியில் வாசனை எழும்வரை வறுத்துத் திருகையில் இட்டு இரண்டிரண்டாக உடைத்து, முறத்தாற் புடைத்து உமியை நீக்குக. நீர் உட்புகாமற் காப்பது அத்தோலே. அது நீங்கினால் பாதி வேலை முடிந்தது. திருகையில்லாதார் முழுக்கொள்ளை இரவெல்லாம் ஊறவைத்துக் குக்கரில் வேகவிடலாம். சுவையில் உடைத்ததற்கு ஈடாகாது என்பது எம் கருத்து. உடைத்ததை ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஆறாழாக்கு நீரில், பத்துச் சின்ன வெங்காயமும் ஐந்தாறு பூண்டுப் பற்களும் சேர்த்துச் சிறு தீயில் வேகவிடுக. விரலால் நசுக்கின் மாவாக வேண்டும். அதன்பின் மத்தாற் கடைந்து, உப்பும், நெல்லிக்காயளவு புளியின் கரைசலும், பொடித்த மிளகு சீரகமும் இட்டு மீண்டும் ஒரு கொதி கொதிக்கவிடுக. மிளகிற் சிக்கனம் வேண்டா. நம் "மிளகுத்தண்ணீர்" என்னும் சொல்லே "முல்லிகட்டானி" எனத் திரிந்து ஆங்கிலேயர் மேசையில் ஒரு சூப்பிற்குப் பெயராயிற்றன்றோ! கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து இறக்குக.

இன்னுங் கெட்டியாக வேண்டுவோர், கொள்ளு பாதி வெந்தபின் ஒரு பிடி சாமையரிசி சேர்க்கலாம். கல்வராயன் மலையிற் சாமை விளைகின்றது. மிஞ்சிய சாறு மறுநாட் காலையிற் கூழ்போல் இறுகியிருக்கும். வெந்நீர் விட்டுக் கரைத்துச் சுடவைத்தால் கேழ்வரகுக் களிக்கு மிகப் பொருந்தும். எம் பாட்டியார் அதற்காகவே ஒரு கிண்ணம் எடுத்து வைக்கச் சொல்வார்.