உளி பிடித்த ருஷிய மன்னர்

1697-ம் ஆண்டு. ஆகஸ்டு மாதம்.

ஹாலந்து நாட்டில் சாண்டாம் என்று ஓர் ஊர். அங்கே ஒரு கொல்லர், சிறு படகில் உட்கார்ந்து விலாங்கு மீன் பிடித்துக் கொண்டிருந்தார். அவர் பெயர் கெரிட் கிஸ்ட்.

அப்போது யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கிஸ்ட் நிமிர்ந்து பார்த்தார். திகைத்துப் போனார்!

பக்கத்துப் படகில் ஒரு வாலிபர் நின்றார். பனைமரம் போல் உயரம். தொழிலாளி உடை. ஆனால் அந்த முகம்? அது ருஷிய மன்னர் பீட்டரின் முகம்!

கிஸ்ட் முன்பு ருஷியாவில் வேலை பார்த்தவர். அதனால்தான் உடனே தெரிந்து கொண்டார். தாம் யார் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று மன்னர் கேட்டுக் கொண்டார். கொல்லரின் மர வீட்டிலேயே தங்கினார்.

மாபெரும் நாட்டை ஆளும் மன்னருக்கு அந்தச் சிறு வீட்டில் என்ன வேலை? கப்பல் கட்டக் கற்றுக் கொள்ள வந்திருந்தார் அவர்!

தோல்வி தந்த பாடம்

ருஷியா பெரிய நாடு. ஆனால் அந்நாளில் வெளிநாட்டு வாணிபத்துக்கு வடக்குக் கோடியில் ஆர்க்காங்கல் துறைமுகம் மட்டுமே இருந்தது. குளிர்காலத்தில் அதுவும் உறைந்து போகும்.

1695-ல் துருக்கியரின் அசாவ் கோட்டையைப் பீட்டர் முற்றுகையிட்டார். தரைவழியை அடைத்தார். ஆனால் கோட்டைக்குக் கடல் வழியாக உணவும் ஆட்களும் வந்து கொண்டே இருந்தன. பீட்டர் தோற்றுத் திரும்பினார். குளிர்காலம் முழுவதும் படகுகள் கட்டினார். அடுத்த ஆண்டு கடல் வழியையும் அடைத்தார். கோட்டை விழுந்தது!

கப்பல் இல்லாமல் நாடு இல்லை என்று கண்டு கொண்டார். ஆனால் தேர்ந்த தச்சர்கள் ருஷியாவில் இல்லை. 1697-ல் சுமார் 250 பேர் கொண்ட தூதுக் குழு மேற்கு நாடுகளுக்குப் புறப்பட்டது. அதில் 'பீட்டர் மிகாயிலோவ்' என்ற பெயரில் மன்னரும் சேர்ந்து கொண்டார். அப்போது அவருக்கு வயது 24.

ரகசியம் வெளிப்பட்டது

சாண்டாமில் பகலில் பட்டறை வேலை. ஓய்வு நேரத்தில் ஊர் சுற்றுவார். காற்றாடி ஆலைகளில் மரம் அறுப்பதையும், காகிதம் செய்வதையும் பார்ப்பார். எதைக் கண்டாலும், "இது எப்படி ஓடுகிறது?" என்று துளைத்துத் துளைத்துக் கேட்பார்.

ஆறரை அடிக்கு மேல் உயர்ந்த ஆளை எத்தனை நாள் மறைக்க முடியும்? செய்தி பரவியது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் திரண்டது. சிறுவர்கள் கல்லெறிந்தார்களாம்! சுமார் ஒரு வாரத்தில் பீட்டர் ஆம்ஸ்டர்டாம் நகருக்குப் போய்விட்டார்.

தச்சர் பீட்டர்

அங்கே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் கட்டும் தளம் இருந்தது. நம் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்து வாணிபம் செய்த அதே கம்பெனிதான்! நகரத் தலைவர் விட்சன் உதவியால் பீட்டருக்கு அங்கே இடம் கிடைத்தது.

மேஸ்திரி கெரிட் போல் என்பவரிடம் பல மாதங்கள் தொழில் பழகினார். மரம் சுமந்தார். வாய்ச்சி பிடித்துச் செதுக்கினார். கை காய்த்துப் போயிற்று. அவரும் உடன் வந்த ருஷிய இளைஞர்களும் வேலை செய்த கப்பல் நவம்பரில் நீரில் இறங்கியது. 'நல்ல தச்சர்' என்று மேஸ்திரி நற்சான்று கொடுத்தார்!

ஓய்வு நேரத்தில் ரைஷ் என்ற வைத்தியரிடம் போய், மனித உடலின் உறுப்புகளைப் பார்த்தார். பல் பிடுங்கவும் கற்றுக் கொண்டார். பிறகு அவர் பிடுங்கிய பற்கள் இன்றும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் காட்சிசாலையில் இருக்கின்றன!

ஆனால் ஒரு குறை. டச்சுக்காரர்கள் அனுபவத்தைக் கொண்டே கப்பல் கட்டினார்கள். வரைபடமும் கணக்கும் கற்க வேண்டும் என்று பீட்டர் விரும்பினார். 1698 ஜனவரியில் இங்கிலாந்து சென்றார்.

லண்டன் அருகே டெப்ட்போர்டில் எவ்லின் என்ற எழுத்தாளரின் வீட்டில் தங்கினார். கிரீன்விச் வான் ஆராய்ச்சிக் கூடம், நாணயச் சாலை எல்லாம் பார்த்தார். ஆனால் தங்கிய வீட்டை நாசமாக்கினார்கள் மன்னரும் தோழர்களும். நாற்காலிகள் விறகாயின. தோட்டத்து வேலியைத் தள்ளுவண்டிச் சவாரி பாழாக்கியது. நஷ்டம் சுமார் 350 பவுன்!

கற்றதும் கல்லாததும்

ஊர் திரும்பும் வழியில், வியன்னாவில் ஒரு செய்தி வந்தது. மாஸ்கோவில் படைவீரர்கள் கலகம்! பீட்டர் விரைந்து திரும்பினார். கலகக்காரர்கள் ஆயிரம் பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். மேல்நாட்டில் தொழில் கற்ற மன்னர், இரக்கத்தை மட்டும் கற்று வரவில்லை.

ஆனால் கற்ற தொழில் வீண்போகவில்லை. வெளிநாட்டு மாலுமிகளும் தச்சர்களும் நூற்றுக்கணக்கில் ருஷியாவுக்கு வந்தார்கள். 1703-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம் எழத் தொடங்கியது. கட்டாய வேலைக்குக் கொண்டு வரப்பட்ட ஏழைக் குடியானவர்கள் பலர் அங்கே மடிந்தார்கள். 1714-ல் கங்குட் என்ற இடத்தில் ருஷியக் கப்பற்படை சுவீடன் படையை வென்றது.

கொல்லர் கிஸ்டின் மர வீடு சாண்டாமில் இன்றும் நிற்கிறது. மழையும் வெயிலும் படாமல் அதைச் சுற்றி ஒரு கட்டிடம் எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே சுவரோடு சுவராக அலமாரி போல் ஒரு சின்னப் படுக்கை இருக்கிறது. ஆறரை அடி மன்னர் காலை மடக்கிக் கொண்டு படுத்த இடம் அது.