ஒரு டாலர் நஷ்டஈடு

பெர்லினில் குற்றவியல் சட்ட வகுப்பு. பேராசிரியர் ஃபிரான்ஸ் ஃபான் லிஸ்ட் ஒரு நூலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். மாணவன் ஒருவன் எழுந்து ஏதோ கருத்துச் சொல்ல, இன்னொருவன் அவன்மேல் எகிறுகிறான். வார்த்தை தடித்து, ஒருவன் கையில் துப்பாக்கி முளைக்கிறது. பேராசிரியர் பாய்ந்து அவன் கையைப் பிடிக்க, துப்பாக்கி வெடிக்கிறது.

அத்தனையும் ஒத்திகை பார்த்த நாடகம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்தது. வகுப்பு அடங்கியதும், கண்டதை எழுதச் சொன்னார்கள். இருப்பதிலேயே பிழை குறைந்த அறிக்கையில்கூட 26 சதவீதம் தவறு, மோசமானதில் 80. வாயே திறக்காதவர்கள் பேசியதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். சண்டை சூடுபிடித்த பின்பாதியில்தான் பிழைகள் கூடியிருந்தன. எழுதியவர்கள் சட்டம் பயின்றவர்கள். சாட்சியத்தின் அருமை தெரியாதவர்கள் இல்லை.

இந்தக் கதையை அமெரிக்க வாசகர்களிடம் கொண்டுபோனவர் ஹார்வர்டில் உளவியல் கற்பித்த ஜெர்மானியர் ஹ்யூகோ மன்ஸ்டர்பர்க். தன் கதையையும் சேர்த்துச் சொன்னார். குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருந்தபோது நகரத்தில் இருந்த அவர் வீட்டில் திருடர்கள் புகுந்தார்கள். திருடர்கள் நிலவறை ஜன்னல் வழியாக வந்தார்கள், கடிகாரத்தைக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார்கள் என்று நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொன்னார். உண்மையில் உடைக்கப்பட்டது கதவு; கடிகாரம் இருந்தது மேசை விரிப்புக்குள். பொய் சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை. மனத்தை ஆராய்வதே தொழிலாகக் கொண்டவருக்கே இந்தக் கதி.

இவற்றைச் சொன்ன அவருடைய நூல் 1908இல் வந்தது. அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால், உளவியல் தரும் உதவியை ஏற்க மறுத்து வழக்கறிஞர்கள் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்று சீண்டிவிட்டார். சாட்சியச் சட்டத்தில் அன்றைக்கு அமெரிக்காவின் பெரும்புள்ளியான ஜான் ஹென்றி விக்மோர் சும்மா இருப்பாரா? மறு ஆண்டே ஒரு கற்பனை வழக்கை எழுதி வெளியிட்டார். அதில் வழக்கறிஞர்கள் மன்ஸ்டர்பர்க் மீது அவதூறு வழக்குத் தொடுக்கிறார்கள். அந்த உதவி எங்கே இருக்கிறது, எந்தச் சோதனை நீதிமன்றத்தில் பயன்படுத்தும் நிலையில் இருக்கிறது என்று குறுக்கு விசாரணை அவரைத் துளைக்கிறது. தீர்ப்பு: ஒரு டாலர் நஷ்டஈடு.

கேலிதான், ஆனால் கேள்வி நியாயமானது. உளவியல் பலரை வைத்துச் சோதித்துச் சராசரி சொல்லும். நீதிபதிக்கு வேண்டியது சராசரி இல்லை; கூண்டில் நிற்கும் இந்த ஒருவர் சொல்வது சரியா என்பது. நூறு பேரில் எத்தனை பேர் தவறுவார்கள் என்பதை வைத்துக்கொண்டு இவர் தவறுகிறாரா என்று எப்படிச் சொல்வது? தடயவியல் உளவியல் இன்றுவரை மல்லுக்கட்டுவது இந்தக் கேள்வியோடுதான்.

மன்ஸ்டர்பர்க்கின் மாணவர் வில்லியம் மார்ஸ்டனுக்கு விடை கிடைத்துவிட்டதாக எண்ணம். பொய் சொன்னால் ரத்த அழுத்தம் ஏறும். அளந்தால் போதும் என்றார். ஃப்ரை என்பவரின் கொலை வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1923இல் அதை ஏற்க மறுத்தது. சம்பந்தப்பட்ட துறையினர் பொதுவாக ஒப்புக்கொண்ட முறையாக இருக்க வேண்டும் என்ற அதன் அளவுகோல் அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. மார்ஸ்டன் பிற்பாடு ‘வொண்டர் உமன்’ காமிக்ஸைப் படைத்தார். அவள் கயிற்றில் சிக்கியவர்கள் உண்மையைக் கக்கியே ஆக வேண்டும்! நீதிமன்றத்தில் கிடைக்காததைக் கதையில் தீர்த்துக்கொண்டார் போலும்.

பொய்யைப் பிடிக்கும் ஆசையை ஓரமாக வைத்துவிட்டு, நினைவு எப்படிக் கெடுகிறது என்று பார்த்தபோதுதான் தடயவியல் உளவியல் கால் ஊன்றியது. 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் மாணவர்களுக்கு விபத்துப் படங்களைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரு வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். ‘மோதி நொறுங்கியபோது’ என்ற தொனியில் கேட்டால் சராசரி விடை மணிக்கு 40 மைலுக்கு மேல், ‘தொட்டபோது’ என்றால் 31.8. இன்னொரு சோதனையில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. ‘நொறுங்கிய’ கேள்வியைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். ‘இடித்த’ என்று கேட்டிருந்த 50 பேரில் 7 பேர்தான்.

இதில் வழக்கறிஞர்களுக்கு ஓரளவு பழக்கம் உண்டு. பதிலை உள்ளேயே வைத்துக் கேட்கும் கேள்வியை முதல் விசாரணையில் எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், நீதிமன்ற அனுமதியின்றிக் கேட்கக் கூடாது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டமே சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது. ஆனால் குறுக்கு விசாரணையில் தாராளமாகக் கேட்கலாம். எதிராளியின் வக்கீல் வீசும் வார்த்தைக்குச் சாட்சி மசியமாட்டார் என்று சட்டம் நம்புகிறது. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

மார்ஸ்டனின் ஆசை நம் ஊரிலும் வேறு வடிவத்தில் வந்தது: நார்கோ ஊசி, பாலிகிராஃப், மூளை அலைச் சோதனை. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம், சம்மதமில்லாமல் இவற்றை யார் மீதும் நடத்தக் கூடாது என்றது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவு அதற்கு ஓர் ஆதாரம். சம்மதித்துச் சோதனைக்கு உட்பட்டாலும் அதன் முடிவு தானாகச் சாட்சியமாகிவிடாது. ஆனால் சோதனையில் அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு போய்க் கிணற்றிலிருந்து ஒரு கத்தியை எடுத்தால், அந்தக் கத்தியை நீதிமன்றத்தில் வைக்கலாம்.