நிரல் பழகுவோம் – 9: இரண்டு ‘கோயில்’

சென்ற வாரம் எழுதிய நிரல் நினைவிருக்கும். தமிழ் உரைக் கோப்பு ஒன்றைத் திறந்து, சொற்களைப் பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, பட்டியலை இன்னொரு கோப்பில் எழுத வேண்டும். பைத்தானில் இருபது வரிகூட ஆகாது. ஓட்டினால் எரர் எதுவும் வருவதில்லை. ஆனால் எழுதிய கோப்பைத் திறந்தால் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.

இது சுலபமான பிழை. கோப்பைத் திறக்கும் வரி லூப்புக்குள் இருக்கிறது. ‘டபிள்யூ’ முறையில் திறந்தால், கோப்பில் முன்பு இருந்ததை பைத்தான் முழுக்க அழித்துவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் அழித்து எழுதியதில் கடைசிச் சொல் மட்டும் மிஞ்சியது. அந்த வரியை லூப்புக்கு மேலே நகர்த்தினால் போதும்.

இப்போது பட்டியல் முழுசாக வருகிறது. ஆனால் அதில் ‘தம’ என்று ஒரு சொல், ‘ழ’ என்று ஒரு சொல்! உரையில் இருந்தது ‘தமிழ்’. சொல்லைப் பிரிக்க, பாடப் புத்தகங்களில் வரும் வழக்கமான ரெகுலர் எக்ஸ்பிரஷனைப் போட்டிருந்தோம். பைத்தானோடு வரும் அந்தக் கருவிக்கு ‘ம’ எழுத்து, ‘ழ’ எழுத்து. இகரக் குறியும் புள்ளியும் எழுத்தில் சேர்த்தி இல்லை. யூனிகோடில் அவை குறிகள் என்று வேறு வகையில் இருக்கின்றன. குறி வந்த இடத்திலெல்லாம் சொல் வெட்டுப்படுகிறது. ஆங்கில உரையை மட்டும் கொடுத்துச் சோதித்தவர் கண்ணில் இது படவே படாது. தமிழுக்கு எழுதும் நிரலைத் தமிழிலேயே சோதியுங்கள் என்று நான் விடாமல் சொல்வது இதற்காகத்தான். இடைவெளியை வைத்துப் பிரித்து, சொல்லின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் காற்புள்ளி, முற்றுப்புள்ளிகளை நீக்கிவிட்டால் இது சரியாகிவிடும்.

அடுத்ததுதான் ஆளைச் சுற்றவிடும் பிழை. பட்டியலில் ‘கோயில்’ இரண்டு இடத்தில், வெவ்வேறு எண்ணிக்கையோடு நிற்கிறது. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

அந்த இரண்டு சொல்லை மட்டும் ஒரு சின்னக் கோப்பில் போட்டுக்கொள்ளுங்கள். கையால் தட்டச்சு செய்ய வேண்டாம், நகலெடுத்து ஒட்டுங்கள். தட்டச்சு செய்தால் இரண்டும் ஒரே மாதிரி ஆகி, பிழை மறைந்துவிடும். பிறகு ‘லென்’ போட்டு நீளத்தைக் கேளுங்கள். ஒன்றுக்கு 6, இன்னொன்றுக்கு 7. ‘ஆர்டு’ போட்டு ஒவ்வொரு குறியீட்டின் எண்ணையும் அச்சிடச் சொன்னால் குட்டு வெளிப்படும். முதல் சொல் 2965, 3019 என்று தொடங்குகிறது. இரண்டாவது 2965, 3015, 3006 என்று. 2965 ககரம். 3019 ஓகாரக் குறி முழுசாக. 3015 இரட்டைக் கொம்பு, 3006 கால்.

யூனிகோட் விதிப்படி இந்த இரண்டு வடிவமும் சமம்; திரையிலும் ஒன்றாகவே தெரியும். பைத்தான் ஒப்பிடும்போது எண்களை மட்டுமே பார்க்கிறது, அதனால் இரண்டும் அதற்கு வேறு வேறு சொல். இதற்கு மருந்தும் பைத்தானிலேயே இருக்கிறது: ‘யூனிகோட்டேட்டா’ தொகுப்பில் உள்ள ‘நார்மலைஸ்’. ‘என்எஃப்சி’ என்று சொல்லிக் கொடுத்தால் கொம்பையும் காலையும் சேர்த்து 3019 ஆக்கிவிடும். கோப்பைப் படித்தவுடனே, எண்ணத் தொடங்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

ஆனால் ‘ஔவை’யை இது காப்பாற்றாது. பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவை’ என்று எழுதிவிடுகிறார்கள். யூனிகோடுக்கு அவை இரண்டு தனி எழுத்துகள், ஔகாரத்துக்குச் சமமல்ல. அப்படி வருவதையெல்லாம் ஒரே மாற்றில் ஔகாரமாக்கலாமே என்று தோன்றும். செய்தால் உரையிலுள்ள ‘ஒளி’ எல்லாம் கெட்டுப்போகும். அப்படித் தொடங்கும் சொற்களை மட்டும் தனிக் கோப்பில் எழுதச் சொல்லி, ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துத் திருத்துங்கள்.

(தொடரும்)