ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும் மதன்

மாசி மாதத்து அமாவாசை கழிந்ததும் காமன் கம்பம் ஊன்றும் தோட்டங்கள் ஊவாவில் இன்னமும் இருக்கின்றன. கம்பம் ஊன்றிவிட்டால் ரதியும் மதனும் வருவார்கள். தப்பு முழங்க லயத்து வாசல்களில் ஆடுவார்கள். பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அந்த ஆட்டத்தை நான் பார்த்த இரவில் எனக்குப் புதிராக இருந்தது ஒன்றுதான்: சோகத்தில் முடியப்போகும் கதையில் ஏன் இவ்வளவு சரசம்?

ரதி வேடம் கட்டுபவர் ஆண். பகலில் மலையில் கவ்வாத்து வெட்டிய கை, இரவில் வளையல் போட்டுக்கொண்டு அபிநயம் பிடிக்கும். மதன் நெருங்கினால் ரதி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவன் விலகினால் ஓரக்கண்ணால் தேடுவாள். ஊடலும் கெஞ்சலும் தப்பு அடிக்கேற்ப மாறி மாறி வரும். இடையில் கோமாளி புகுந்து இருவரையும் கிண்டலடிப்பான். குறவனும் குறத்தியும் வந்துவிட்டால் பேச்சு இன்னும் பச்சையாகும். வாசற்படியில் இருக்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

லயத்து வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இந்தச் சிரிப்பின் பெறுமதி விளங்கும். வெள்ளைக்காரர் காலத்தில் தொழிலாளரை அடைக்கக் கட்டிய ஒற்றைக் காம்பராக்கள் அவை. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். புதிதாகக் கல்யாணம் முடித்தவர்கள்கூட மனம்விட்டுப் பேச இடமில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஆணும் பெண்ணும் கொஞ்சுவதை ஊரே கூடியிருந்து பார்க்க அனுமதி கிடைப்பது கூத்தில்தான்.

வேடத்துக்கு இருக்கும் இந்தச் சலுகை பொம்மைக்கும் உண்டு. ஊடகக் கற்கை மாணவராக இருந்தபோது 'தி மப்பெட் ஷோ'வின் சில பகுதிகளைப் பார்த்திருக்கிறேன். 1976 முதல் 1981 வரை ஒளிபரப்பான பொம்மை நிகழ்ச்சி அது. அதில் மிஸ் பிக்கி என்ற பன்றி, கெர்மிட் என்ற தவளையை வெட்கமில்லாமல் துரத்தித் துரத்திக் காதலிக்கும். கெர்மிட் நழுவினால் அடியும் விழும். ஒரு பெண் அப்படி நடந்தால் முகம் சுளிப்பவர்களும் பொம்மை செய்தால் சிரிப்பார்கள். சொல்வது பொம்மை, ஆகவே யாருக்கும் பழி இல்லை. தோட்டத்தில் பொம்மையின் இடத்தில் சேலை கட்டிய ஆண் நிற்கிறார்.

ஆனால் மிஸ் பிக்கியின் காதல் அடுத்த வாரமும் அதே துரத்தலாகவே தொடரும். ரதிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

சூரனை அழிக்கத் தேவர்களுக்குச் சிவனின் மகன் வேண்டும். சிவனோ தவத்தில் இருக்கிறார். அதைக் கலைக்க வரும்படி மதனுக்கு இந்திரனிடமிருந்து தூது வருகிறது. போகாதே என்கிறாள் ரதி. போயே ஆகவேண்டும் என்கிறான் மதன். சற்று முன் கொஞ்சிய அதே இருவர் இப்போது தர்க்கம் செய்கிறார்கள். யாருடைய போருக்காகவோ மேலிடத்து உத்தரவு ஒரு வீட்டு வாசலுக்கு வருகிறது. மனைவி தடுக்கிறாள். கணவன் போகிறான். நம்மில் பலருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மதன் மலரம்பு எய்கிறான். சிவனின் நெற்றிக்கண் திறக்கிறது. அவன் எரிந்து சாம்பலாகிறான். ரதியின் ஒப்பாரி தொடங்கும்போது, முன்பு சிரித்த அதே பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். அப்போதுதான் என் புதிர் அவிழ்ந்தது. அந்தச் சரசத்தைப் பார்த்துச் சிரித்திருக்காவிட்டால், இழந்தது என்னவென்று நமக்குத் தெரிந்திருக்காது.

முடிவில் சிவன் இரங்கி மதனுக்கு உயிர் தருகிறார், ஒரு நிபந்தனையோடு. அவன் உருவம் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரியும். மற்றவர்களுக்கு அவன் உடலில்லாதவன். தமிழகத்தில் லாவணிக் கலைஞர்கள் 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' என்று பிரிந்து, மதன் எரிந்தானா இல்லையா என்று பாட்டிலேயே வாதாடுவார்கள்.

வன்னியில் அந்த வாதம் பாட்டோடு முடியவில்லை. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. 2009 வரை நீண்ட போர் அவர்களையும் விட்டுவைக்கவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் அம்மாக்களும் மனைவிமாரும் படங்களை ஏந்தி அமர்ந்தார்கள். இறந்துவிட்டார் என்று எழுதித் தரச் சொல்பவர்களுக்கு அவர் உடலில்லாதவர். படத்தை மடியில் வைத்திருப்பவளுக்கு அப்படியல்ல.

காமன் கூத்தை மேடை நேரத்துக்காகச் சுருக்க நினைப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எரிப்பையும் ஒப்பாரியையும் மட்டும் வைத்துக்கொண்டு சரசத்தை வெட்டிவிடாதீர்கள். போரைப் பற்றி எழுதும் நாங்களும் அந்தத் தவறைத்தான் செய்துவருகிறோம். அவர் எப்படிக் காணாமல் போனார் என்று கேட்கிறோம். அவர் உங்களை எப்படிச் சிரிக்கவைப்பார் என்று கேட்பதில்லை.